மறுமணத்துக்குப் பின் முதல் கூட்டு வரிக் கணக்கு: கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் மறுமணம் செய்துகொண்டவர்கள் முதல் முறை சேர்ந்து ஃபெடரல் வரிக் கணக்கு போடும்போது, இருவரின் டபிள்யூ-2 படிவங்களையும் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றே நினைக்கிறார்கள். முதல் கல்யாணத்துக்கு அது பெரும்பாலும் சரி. இரண்டாவதில் கோர்ட்டுத் தீர்ப்பு, முன்னாள் துணையோடு மாறி மாறி வளரும் பிள்ளைகள், பழைய வீடு, பழைய பாக்கி எல்லாமே 1040 படிவத்துக்குள் வந்து சேரும். அதனால் பழைய திருமணத்தின் காகிதங்களை முதலில் எடுத்து வைத்துக்கொண்டுதான் புதிய கணக்கைத் தொடங்க வேண்டும். இங்கே வரும் தொகைகள் 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கு உரியவை. கெடு 2026 ஏப்ரல் 15.

1. டிசம்பர் 31 அன்று உங்கள் மண நிலை எதுவோ, அதுதான் அந்த ஆண்டு முழுமைக்கும். டிசம்பர் 30இல் திருமணம் நடந்திருந்தாலும் கூட்டாகவோ, மணமானவர்களாகத் தனித்தனியாகவோ தாக்கல் செய்யலாமே தவிர, ‘தனிநபர்’ என்று குறிக்க முடியாது. இதில் மறுமணத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பழைய விவாகரத்து இறுதியாகியிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் மனுவின் நகல் எதிர்த்தரப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆகாமல் மண முறிவு முழுமை பெறாது. விஸ்கான்சினிலோ, தீர்ப்பு வந்தபிறகும் ஆறு மாதம் கழித்துத்தான் மறுமணம் செய்ய முடியும். இடைக்காலத் தீர்ப்பை நம்பிக் கல்யாணம் முடித்தவர்களின் கூட்டுக் கணக்கு செல்லாமல் போகலாம். தீர்ப்பின் இறுதித் தேதியை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

2. துணை இறந்த அதே ஆண்டிலேயே மறுமணமும் நடந்திருந்தால், இறந்தவரின் கடைசிக் கணக்கு ‘மணமாகித் தனியே’ என்ற வகையில் போகும். கூட்டுக் கணக்கு புதிய துணையோடுதான்.

3. பெயரை மாற்றிக்கொண்டவர் முதலில் போக வேண்டிய இடம் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், படிவம் எஸ்எஸ்-5. அங்கே உள்ள பெயரும் வரிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப் போகாவிட்டால் ரீஃபண்ட் தாமதமாகும். அங்கே மாற்ற நேரமில்லை என்றால் இந்த ஆண்டு பழைய பெயரிலேயே தாக்கல் செய்யுங்கள், குற்றமில்லை. வீடு மாறியிருந்தால் படிவம் 8822.

4. கணக்கில் உட்காரும் முன் இருவரும் தங்கள் தங்கள் ஐஆர்எஸ் இணையக் கணக்கைத் திறந்து, பாக்கி ஏதும் இருக்கிறதா, எல்லா ஆண்டுக்கும் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பிள்ளை பராமரிப்புத் தொகையில் நிலுவை, கல்விக் கடன் தவணை தவறியது போன்றவை ஐஆர்எஸ் கணக்கில் தெரியாது. அவற்றுக்காக ரீஃபண்டில் கைவைக்கப் போகிறார்களா என்பதை அரசின் கருவூலத் துறை நடத்தும் 800-304-3107 என்ற எண்ணில் அவரவர் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

5. பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் கணக்கோடு சேர்த்தே படிவம் 8379 கொடுத்துவிடுங்கள். கணவர் முதல் மணத்துப் பிள்ளைகளுக்குக் கட்ட வேண்டிய தொகை நிலுவையில் இருந்தால், உங்கள் சம்பளத்தில் பிடித்த வரியும் சேர்ந்து வரும் ரீஃபண்டை அரசு அப்படியே எடுத்துக்கொள்ளும். அதில் உங்கள் பங்கைத் திருப்பித் தரக் கேட்பதுதான் இந்தப் படிவம். மின்வழியில் கணக்கோடு அனுப்பினால் சுமார் 11 வாரம், காகிதத்தில் 14 வாரம் ஆகும். ரீஃபண்ட் போன பிறகு தனியாகவும் அனுப்பலாம். அதற்கு 8 வாரம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்சிகோ, டெக்சஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகிய ஒன்பது மாநிலங்களில் திருமணத்துக்குப் பின் வரும் சம்பளம் சட்டப்படி இருவருக்கும் பொது. அங்கே உங்கள் பங்கை மாநிலச் சட்டத்தை வைத்துத்தான் பிரிப்பார்கள். நீங்கள் எதிர்பார்த்த அளவு கைக்கு வராமல் போகலாம். நம்மவர்கள் அதிகம் வாழும் மூன்று மாநிலங்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

6. முன்னாள் துணையோடு சேர்ந்து கையெழுத்திட்ட பழைய கணக்குகளை மறந்துவிடாதீர்கள். ‘2022 வரிப் பாக்கியை அவரே கட்டுவார்’ என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அது ஐஆர்எஸ்ஸைக் கட்டுப்படுத்தாது. கூட்டுக் கணக்கில் கையெழுத்திட்ட இருவருமே முழுத் தொகைக்கும் பொறுப்பு. முன்னாள் துணை மறைத்த வருமானம் இன்று வெளிப்பட்டால், உங்கள் புதிய கூட்டு ரீஃபண்டிலிருந்தே அதைப் பிடிப்பார்கள். அப்போது புதிய துணை படிவம் 8379 போடுவார். நீங்களோ, அந்த வருமானம் பற்றி உங்களுக்குத் தெரியாது என்று படிவம் 8857இல் நிவாரணம் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு படிவங்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். இதே சட்டம் இப்போது போடும் கையெழுத்துக்கும் பொருந்தும். துணையின் சொந்தத் தொழில் கணக்கு புரியவில்லை என்றால், புரியும் வரை கேளுங்கள்.

7. பிள்ளைகள். மறுமணக் கணக்குகளில் அதிகம் தகராறு வருவது இங்கேதான்.

பிள்ளையைக் கணக்கில் காட்டும் உரிமை முதலில் யாருக்கு என்பதை இரவுகளை எண்ணித் தீர்மானிக்கிறார்கள். ஆண்டில் அதிக இரவுகள் பிள்ளை யார் வீட்டில் தூங்கியதோ அவருக்கே. சரிபாதி என்றால் வருமானம் அதிகமுள்ள பெற்றவருக்கு. யார் ஸ்கூல் பீஸ் கட்டினார், யார் துணிமணி வாங்கினார் என்பது இதில் எடுபடாது.

‘ஒற்றைப்படை ஆண்டுகளில் அப்பா, இரட்டைப்படையில் அம்மா’ என்று கோர்ட்டில் எழுதி வாங்கியவர்கள் பலர். 2008க்குப் பிந்தைய தீர்ப்பு என்றால் அந்தக் காகிதத்தை இணைத்துப் பயனில்லை. பிள்ளை அதிகம் வாழும் வீட்டுப் பெற்றவர் படிவம் 8332இல் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் ‘எல்லா வருங்கால ஆண்டுகளுக்கும்’ என்ற பகுதியில் கையெழுத்து போட்டுவிடாமல், ஒரு ஆண்டுக்கு மட்டும் கொடுப்பது நல்லது. பிறகு ரத்து செய்தாலும் அது அடுத்த ஆண்டிலிருந்துதான் செல்லும்.

8332 கைமாறினால் எல்லாமே கைமாறுவதில்லை. 17 வயது நிறையாத பிள்ளைக்கான 2,200 டாலர் கிரெடிட் போய்விடும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கான குழந்தைக் காப்பகச் செலவு கிரெடிட், வருமான அடிப்படையிலான இஐடிசி ஆகியவை பிள்ளை வாழும் வீட்டிலேயே தங்கும். பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

துணையின் முதல் மணத்துப் பிள்ளை உங்கள் வீட்டில் பாதி ஆண்டுக்கு மேல் வாழ்ந்தால், தத்து எடுக்காமலே வரிச் சட்டத்தில் உங்களுக்கும் அது பிள்ளைதான். திருமணத்தால் வந்த இந்த உறவு மரணத்தாலோ மண முறிவாலோ அறுவதில்லை என்று ஐஆர்எஸ் சொல்கிறது. சட்டத்துக்குள் இவ்வளவு பாசம் இருப்பது வியப்புதான்.

முன்னாள் துணை முந்திக்கொண்டு பிள்ளையைக் காட்டிவிட்டார் என்றால் நீங்கள் மின்வழியில் அனுப்பிய கணக்கு திரும்பி வரும். பயப்பட வேண்டாம். ஐஆர்எஸ்ஸிடம் ஆறு இலக்க அடையாள பாதுகாப்பு எண், அதாவது ஐபி பின், வாங்கிப் போட்டால் இப்போது ஏற்றுக்கொள்கிறார்கள். யார் சொல்வது சரி என்று பிறகு கடிதம் வரும். அப்போது காட்டுவதற்குப் பள்ளிப் பதிவு, மருத்துவர் பதிவு, இரவுகளைக் குறித்த ஒரு நாட்காட்டி இவற்றை வைத்திருங்கள்.

காலேஜ் போகும் பிள்ளை இருந்தால் இன்னொன்று: நிதியுதவி விண்ணப்பத்தில் அதிகச் செலவை ஏற்கும் பெற்றவர் மறுமணமானவர் என்றால், புதிய துணையின் வருமானமும் அதில் சேரும். இது வரிச் சட்டம் இல்லை. ஆனாலும் ஏப்ரலில் அல்ல, கல்யாணத்துக்கு முன்பே பேசிவைக்க வேண்டிய விஷயம்.

8. ஜீவனாம்சத்துக்கு ஒரே ஒரு தேதி: 2018 டிசம்பர் 31. அதற்குள் எழுதிய ஒப்பந்தம் என்றால் கொடுப்பவர் கழித்துக்கொள்ளலாம், வாங்குபவர் வருமானமாகக் காட்ட வேண்டும். பின்னால் எழுதியது என்றால் இரு பக்கமும் எதுவும் இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் பழைய சட்டப்படி கொடுத்துக்கொண்டும், மற்றவர் புதிய சட்டப்படி வாங்கிக்கொண்டும் இருக்கலாம். பிள்ளை பராமரிப்புத் தொகை எந்தக் காலத்திலும் வருமானமும் இல்லை, கழிவும் இல்லை.

9. இருவருமே பிள்ளையோடு தனித்து வாழ்ந்தவர்கள் என்றால் வரி கூடும். இதைப் பலரும் மார்ச் மாதம்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவருக்கும் ஆளுக்கு 90,000 டாலர் சம்பளம். போன ஆண்டு வரை இருவரும் ‘குடும்பத் தலைவர்’ வகையில் தாக்கல் செய்தவர்கள். அந்த வகைக்கு நிலையான கழிவு 23,625 டாலர். இருவருக்கும் சேர்த்து 47,250. மணமானபின் கூட்டுக் கணக்குக்கு 31,500 மட்டுமே. அதாவது 15,750 டாலர் கழிவு காணாமல் போகிறது. வரி விகித அடுக்குகளும் ‘குடும்பத் தலைவர்’ வகைக்குத் தாராளமானவை. மொத்தத்தில் கிரெடிட்டுகளுக்கு முன் இருவர் வரியும் தனித்தனியாக இருந்தபோது சுமார் 15,550 டாலர், கூட்டாக 22,500. ஏறத்தாழ 7,000 டாலர் வித்தியாசம்.

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், அல்லது ஒருவர் சம்பளம் மற்றவரைவிட மிகக் குறைவாக உள்ள வீட்டில், இது நேர் எதிராக இருக்கும்; வரி குறையும்.

10. அதனால்தான் கல்யாணமான கையோடு இருவரும் புதிய டபிள்யூ-4 கொடுக்க வேண்டும். இருவர் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் இரண்டாம் படியில் உள்ள கட்டத்தை இரு படிவத்திலும் டிக் செய்யுங்கள். பிள்ளைகளை மூன்றாம் படியில் ஒருவர் படிவத்தில் மட்டும், அதுவும் அதிகச் சம்பளக்காரர் படிவத்தில், எழுதுங்கள். இரண்டிலும் எழுதினால் பிடித்தம் குறைந்து ஏப்ரலில் கையிலிருந்து கட்ட நேரும். இன்னொரு பள்ளம்: கூட்டுச் சம்பளம் 2.5 லட்சம் டாலரைத் தாண்டினால் 0.9 சதவீதம் கூடுதல் மெடிகேர் வரி உண்டு. ஆளுக்கு 1.8 லட்சம் வாங்கும் தம்பதிக்கு எந்தக் கம்பெனியும் அதைப் பிடிக்காது. ஒருவரின் சம்பளம் 2 லட்சத்தைத் தாண்டினால்தான் கம்பெனி பிடிக்கும்.

11. வீட்டை விற்றிருந்தால் லாபத்தில் தனிநபருக்கு 2.5 லட்சம், தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 5 லட்சம் வேண்டுமென்றால் கடைசி ஐந்து ஆண்டுகளில் இருவருமே அந்த வீட்டில் இரண்டு ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். முதல் கணவரோடு வாங்கி, விவாகரத்தில் மனைவிக்கு வந்த வீட்டைப் புதுக் கணவர் குடிவந்த ஆறாம் மாதமே விற்றால் கிடைப்பது 2.5 லட்சம்தான். இருவரும் அவரவர் வீட்டை விற்றுவிட்டு மூன்றாவது வீடு வாங்கினால் ஆளுக்கு 2.5 லட்சம் தனித்தனியே கிடைக்கும்.

விவாகரத்தில் கைமாறிய வீட்டுக்கு வாங்கிய விலை என்பது முதலில் வாங்கியபோது கொடுத்த விலைதான். தீர்ப்பு நாளின் சந்தை மதிப்பு அல்ல. பழைய பத்திரமும் ரிப்பேர் ரசீதுகளும் முன்னாள் துணையிடம் இருந்தால் உறவு சுமுகமாக இருக்கும்போதே நகல் வாங்கிவிடுங்கள். தீர்ப்பின்படி முன்னாள் துணை அங்கே குடியிருக்கும் காலம், உரிமையாளரான உங்களுக்கு வாழ்ந்த காலமாகவே கணக்காகும்.

12. பங்குச் சந்தை நஷ்டம் முந்தைய ஆண்டுகளிலிருந்து வருகிறதா? முன்னாள் துணையோடு போட்ட கூட்டுக் கணக்கில் யார் பெயரில் நஷ்டமோ, அவருக்கே அது சொந்தம். உங்கள் பங்கை மட்டும் கொண்டுவாருங்கள். முன்பு இருவரும் ஆளுக்கு 3,000 டாலர் வரை சம்பளத்திலிருந்து கழித்திருக்கலாம். இனிக் கூட்டாக 3,000 மட்டுமே. பிரிவதற்கு முன் சேர்ந்து கட்டிய காலாண்டு முன்வரியை உடன்பாட்டின்படி பிரிக்கலாம். அப்போது முன்னாள் துணையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் 1040இல் குறிக்க வேண்டும்.

13. சேமிப்புக் கணக்குகளில் அளவு மீறியிருக்கிறதா பாருங்கள். ஆளுக்கு 1.4 லட்சம் வாங்கும் இருவர் ஜனவரியில் ராத் ஐஆர்ஏவில் 7,000 போட்டு நவம்பரில் கல்யாணம் செய்துகொண்டால், கூட்டு வருமானம் 2.46 லட்சத்தைத் தாண்டுவதால் இருவருக்குமே அந்தத் தகுதி இல்லை. கெடுவுக்குள் ஈட்டிய லாபத்தோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் ஆண்டுக்கு 6 சதவீதம் அபராத வரி. குழந்தைக் காப்பகத்துக்கான எஃப்எஸ்ஏ கணக்கில் இருவரும் தனித்தனியாக 5,000 போட்டிருந்தால் கூட்டுக் கணக்கில் 5,000 மட்டுமே செல்லும், மீதி சம்பளத்தில் சேரும். எச்எஸ்ஏவிலும் குடும்ப உச்சவரம்பான 8,550 டாலரை மணமான மாதத்திலிருந்து இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

14. சந்தைத் தளத்தில் மருத்துவக் காப்பீடு வாங்கியவர்கள் 1095-ஏ படிவம் இல்லாமல் தாக்கல் செய்யக் கூடாது. மணமான ஆண்டுக்கென்றே படிவம் 8962இல் மாற்றுக் கணக்கீடு ஒன்று உண்டு. திருப்பிக் கட்டும் மானியத்தை அது குறைக்கக்கூடும்.

15. 60 வயதைத் தாண்டியவர்களின் மறுமணம் இப்போது அதிகம். காலமான துணையின் கணக்கிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி வாங்குபவர் 60 வயதுக்கு முன் மறுமணம் செய்தால் அது பொதுவாக நின்றுவிடும், அதற்குப் பின் என்றால் தொடரும். அந்தத் தொகைக்கு வரி வரும் வருமான வரம்பு தனிநபருக்கு 25,000, தம்பதிக்கு 32,000. இரட்டிப்பாக இல்லை என்பதைக் கவனியுங்கள். 65 நிறைந்தவர்களுக்கு 2025 முதல் 2028 வரை ஆளுக்கு 6,000 டாலர் வரை கூடுதல் கழிவு உண்டு. தம்பதிகள் கூட்டாகத் தாக்கல் செய்தால் மட்டுமே கிடைக்கும், கூட்டு வருமானம் 1.5 லட்சத்தைத் தாண்டினால் தேயத் தொடங்கும். திருமணத்தால் மெடிகேர் கட்டணம் ஏறியிருந்தால் படிவம் எஸ்எஸ்ஏ-44 போட்டுக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

16. புதிய துணை இந்தியாவிலிருந்து வந்தவரா? அவரைக் குடியிருப்பவராகக் கருதச் சொல்லிக் கூட்டுக் கணக்குப் போட்டால், அவர் பெயரில் ஊரில் உள்ள வாடகை, டெபாசிட் வட்டி எல்லாம் அமெரிக்க வரிக்குள் வரும். அங்கே வரியில்லாத என்ஆர்ஈ வட்டிக்கும் இங்கே வரி உண்டு. ஒருவர் பெயரில் உள்ள வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் அறிக்கை கட்டாயம். முதல் மணத்தில் வாங்கிய கூட்டு எஃப்டியில் முன்னாள் துணையின் பெயர் இன்னும் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

17. மின்வழியில் கையெழுத்திட முந்தைய ஆண்டின் ஏஜிஐ, அதாவது சரிக்கட்டிய மொத்த வருமானத் தொகை, கேட்பார்கள். ஆளுக்கு அவரவர் பழைய கணக்கில் உள்ளதைப் போடுங்கள். போன ஆண்டு முன்னாள் துணையோடு கூட்டாகப் போட்டிருந்தால் அந்த முழுத் தொகையே உங்கள் ஏஜிஐ, பாதி அல்ல. பல கணக்குகள் திரும்பி வருவது இந்த ஒரு காரணத்தால்தான்.

18. ரீஃபண்ட் போகும் வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். மென்பொருள் போன ஆண்டின் எண்ணைத் தானாக நிரப்பிவிடும்; அதில் முன்னாள் துணையும் பங்காளியாக இருக்கலாம். பணத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள விரும்பும் தம்பதிகள் படிவம் 8888 மூலம் ஒரே ரீஃபண்டை மூன்று கணக்குகள் வரை பிரித்துப் போடச் சொல்லலாம்.

19. கடைசியாக, கூட்டாகவா தனியாகவா என்ற கேள்வி. தனியே போட்டால் பெரும்பாலோருக்கு இஐடிசி, கல்விக் கிரெடிட், கல்விக் கடன் வட்டிக் கழிவு எல்லாம் போய்விடும். ஒருவர் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழித்தால் மற்றவரும் நிலையான கழிவை விட்டுவிட வேண்டும். மேலே சொன்ன ஒன்பது மாநிலங்களில் தனியே போட்டாலும் பொது வருமானத்தைப் பாதியாகப் பிரித்துக் காட்டியாக வேண்டும். ஆகவே பெரும்பாலோருக்குக் கூட்டுக் கணக்கே லாபம். ஆனால் துணையின் பழைய பாக்கிகளோ தொழில் கணக்கோ தெளிவாகவில்லை என்றால் இந்த ஆண்டு தனித்தனியாகப் போடுங்கள். தனியாகப் போட்டதை மூன்று ஆண்டுக்குள் 1040-எக்ஸ் மூலம் கூட்டாக மாற்றிக்கொள்ளலாம். கூட்டாகப் போட்டதைக் கெடு தாண்டிய பிறகு தனியாக மாற்ற முடியாது.